சீரியல் பார்த்து சர்ஜன் ஆசை வந்தால் சிரிக்காதீர்கள், ஆபரேஷன் தியேட்டரைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவையும் அவர்கள் சொன்ன நாலு வரியையும் பேப்பரில் போடுகிறீர்கள். முன்னெல்லாம் அந்த நாலு வரியில் "டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்" என்று பொதுவாக இருக்கும். இப்போது பிள்ளைகள் பேசுவதே வேறு மாதிரி. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், டாக்டர் என்றுகூடச் சொல்லாது, நேராக நியூரோ சர்ஜன், ஹார்ட் சர்ஜன் என்றுதான் ஆரம்பிக்கும். எங்கே பிடித்தாய் இந்த ஆசையை என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள், சீரியல்தான். நம்மூர் ராத்திரி சீரியல் இல்லை, போனில் டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் வருகிற கொரியா, அமெரிக்கா ஆஸ்பத்திரித் தொடர்கள்.

பெரியவர்கள் இதற்கு இரண்டே பதில்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "சினிமா பார்த்துட்டு போலீஸ் ஆகறேன்னு சொன்னவனும் இப்படித்தான்" என்று சிரிப்பது. இல்லையென்றால், ஆசை வாயில் வந்த அடுத்த மாசமே நாமக்கல் பக்கம், ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, பணம் கட்டிவிட்டு, இனி உன் பாடு என்று வந்துவிடுவது. ரெண்டும் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். வேலைக்காலம் முழுக்க அந்தப் பச்சைத் துணிக்கு நடுவில்தான் கழிந்தது. அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன், நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பேத்தி பதினொன்றாவது படிக்கிறாள். போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க ஆத்தா, மண்டையைத் தொறந்தா உள்ள டூரான்னு ஒரு தோல் இருக்குமாமே, அதை நேர்ல பாத்திருக்கீங்களா, பளபளன்னு இருக்குமா?" என்று கேட்டாள். அவள் அப்பன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "டாக்டர் ஆயிட்டாப் போதும், ரோட்டு மேல நம்ம இடம் கெடக்குது, ஒரு ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்தறலாம், அப்புறம் சம்பந்தமும் நல்லா அமையும்." நீங்களே சொல்லுங்கள், இந்த இரண்டு பேரில் யாருடைய ஆசை அசலானது? பிள்ளைக்கு அந்த வேலை வேண்டும், அப்பனுக்கு வாசல் போர்டு வேண்டும். சீரியல் பார்த்து வந்த ஆசை சொத்தை என்று சொல்லுகிறவர்கள், தோட்டத்தை விற்று சீட் வாங்குகிற ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, அதற்காக சீரியலில் வருவதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. பார்த்தால் எனக்குப் பாதி நேரம் சிரிப்பும் பாதி நேரம் கோபமும்தான் வருகிறது. மானிட்டரில் நேர்கோடு வந்ததும் நெஞ்சில் ஷாக் வைக்கிறார்களே, அது தப்பு. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் ஷாக்கினால் பிரயோஜனம். துடிப்பே இல்லாத நேர்கோட்டுக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அட்ரினலின் கொடுக்க வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும். நெஞ்சை அழுத்தினால் எல்லாரும் பிழைத்துவிடுவது இன்னொரு கதை. 1996-ல் அமெரிக்காவில் மூன்று டிவி நிகழ்ச்சிகளை, அதில் ஒன்று அப்போது ரொம்பப் பிரபலமாக இருந்த 'ஈ.ஆர்.', எபிசோட் எபிசோடாகப் பார்த்துக் கணக்கெடுத்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். டிவியில் நெஞ்சு அழுத்தப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துக்கொள்கிறார்கள், 67 சதவீதம் பேர் வீட்டுக்கே போய்விடுகிறார்கள். நிஜத்தில், வசதியான ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றாலும், நாலில் ஒருவர் வீடு திரும்பினால் பெரிது. டிவியில் வருவதை நம்பிக்கொண்டு வார்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிப் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்தத் தொடர்களில் எல்லா வேலையையும் சர்ஜனே பார்க்கிறார். ரத்தம் எடுப்பதும் அவரே, ஸ்கேன் மெஷினை ஓட்டுவதும் அவரே, காலையில் மூளை, மத்தியானம் பிரசவம், நடுவில் காதல். மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு வயிறு திறந்து கிடக்கிற டேபிள் மேல் சண்டை போடுகிறார்கள். கையைக் கழுவி கிளவுஸ் போட்ட பிறகு அந்தக் கை இடுப்புக்குக் கீழே இறங்கக்கூடாது, மாஸ்க்கைத் தொடக்கூடாது, கவுனில் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை முன்பக்கமும் கைப்பகுதியும் மட்டும்தான் சுத்தம், முதுகுப் பக்கம் சுத்தமில்லை என்பதெல்லாம் எங்களுக்கு முதல் வாரத்திலேயே திட்டித் திட்டிப் பதியவைத்த பாடம். தெரியாமல் கை பட்டுவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று இருந்துவிட முடியாது. "பட்டுருச்சுங்க" என்று சொல்லிவிட்டு கிளவுஸை மாற்ற வேண்டும். பேராசிரியராக இருந்தாலும் அப்படித்தான்.

கிளவுஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆபரேஷனுக்கு ரப்பர் கிளவுஸ் வந்ததே நோயாளிக்காக இல்லை, ஒரு நர்ஸின் கைக்காக. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹால்ஸ்டெட் என்று பெரிய சர்ஜன், அவருடைய தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியில் கை வைத்து வைத்து அந்த அம்மாவுக்குத் தோல் வெந்துபோனது. ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிசாக ரப்பர் கிளவுஸ் செய்யவைத்தார். அது 1889-90 வாக்கில். அடுத்தாற்போல் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். எல்லாரும் கிளவுஸ் போட ஆரம்பித்ததும், தொற்று குறைகிறது என்று கண்டுபிடித்ததும் அதற்கு அப்புறம்தான். சீரியல்காரர்களுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும், எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

நம்ம ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் ரெண்டு நிமிஷம். அதற்குப் பின்னால் சடங்கு நடத்துகிற அருமைக்காரர், சமையல்காரர், பந்தல்காரர், முதல் நாளே வந்து இலை நறுக்குகிற பங்காளி வீட்டுப் பொம்பளைகள் என்று ஒரு படையே இருக்கும். சீரியல் காட்டுவது தாலி கட்டுகிற ரெண்டு நிமிஷத்தை மட்டும். மயக்க டாக்டரை அதில் பார்த்திருக்கிறீர்களா? தலைமாட்டில் யாரோ ஒருவர் தலை தெரியாமல் உட்கார்ந்திருப்பார். நிஜத்தில் நோயாளி உயிரோடு இருப்பது அவர் கையில். மூச்சு, பிரஷர், வலி, எத்தனை சொட்டு ரத்தம் போனது, எத்தனை சொட்டு மூத்திரம் வந்தது எல்லாம் அவர் கணக்கு. சர்ஜன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், மயக்க டாக்டர் நோயாளி கண் திறந்து, பெயர் சொல்லி, கையை இறுக்கிப் பிடிக்கும் வரை நகர மாட்டார். சின்ன ஊர்களில் சர்ஜன் இருந்தும் மயக்க டாக்டர் கிடைக்காமல் கேஸை அடுத்த ஊருக்கு அனுப்பிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

எங்கள் வேலையில் முக்கியமானது எண்ணுவது. வயிற்றைத் திறக்கும் முன்னால் மாப் (உள்ளே ரத்தம் ஒற்றுகிற துணி), கட்டுத்துணி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் இரண்டு பேராகச் சத்தமாக எண்ணி போர்டில் எழுதுவோம். மூடும் முன்னால் ஒரு தரம், தோல் தைத்த பிறகு ஒரு தரம். ஒரு மாப் குறைந்தால் சீஃப் எத்தனை அவசரத்தில் இருந்தாலும் தையல் போடக்கூடாது. குப்பைக் கூடையைக் கொட்டி, டேபிளுக்கு அடியில் தவழ்ந்து தேடுவோம். அப்படியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. மாப்புக்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு நூலையே ஓட்டியிருப்பார்கள். 'சரியா இருக்குதுங்க சார்' என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் சர்ஜன் மூடுவார். படித்துவிட்டு வந்த முதல் வருஷம் எனக்கு அதைச் சொல்ல வாய் வராது. பழகப் பழக, "இன்னும் ஒண்ணு வரலைங்க, நிறுத்துங்க" என்று பெரிய பெரிய டாக்டரைப் பார்த்துச் சொல்கிற தைரியம் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளி பெயர் என்ன, எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா, எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு ஊர்களில் அதை வைத்துப் பார்த்ததில் ஆபரேஷன் சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று அடுத்த வருஷமே கட்டுரை வந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை, ஒரு தாள். ஆரம்பத்தில் நம்மூர் டாக்டர்கள் சிலர் "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று முணுமுணுத்ததையும் பார்த்தவள் நான்.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கோவையிலும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். 1976-ல் மதுரையில் அதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு தனக்கென்று கருவிகள் செய்யவைத்து, ஒரு லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார். கை நடுங்காமல் இருந்தால்தான் சர்ஜன் என்று சொல்லிக்கொண்டு டம்ளரைப் பிடித்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கே இன்னொன்றும் உண்டு. கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள், கண் அளப்பது, சொட்டு போடுவது, கருவி எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். ஒரு டேபிளில் கேஸ் முடியும்போதே அடுத்த டேபிளில் நோயாளி தயாராக இருப்பார். சர்ஜன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்தப் பிள்ளைகள் இல்லாமல் அந்த எண்ணிக்கை எப்படி வரும்?

எத்தனை வருஷம் ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பிள்ளைகளிடம் முழுசாகச் சொல்வதில்லை. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். (நீட் வேணுமா வேண்டாமா என்கிற சண்டைக்குள் நான் போகவில்லை, அதற்கு உங்கள் பேப்பரில் தினமும் இடம் இருக்கிறது.) எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரு வருஷம், அப்புறம் மேற்படிப்புக்கு பி.ஜி. தேர்வு, எம்.எஸ். மூன்று வருஷம். அதோடு முடிந்தால் பொது சர்ஜன். மூளை, இதயம் என்றால் திரும்பவும் ஒரு தேர்வு, எம்.சி.எச். மூன்று வருஷம். எங்கும் தட்டாமல் போனாலே முப்பது வயசு ஆகிவிடும், நடுவில் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தேர்வுக்கு உட்காராதவர்கள் குறைவு. சீரியலில் ஹவுஸ் சர்ஜன் வந்த அன்றைக்கே கத்தியைப் பிடிக்கிறார். நிஜ ஹவுஸ் சர்ஜன் விடியற்காலை ரத்தம் எடுப்பார், கட்டு மாற்றுவார், கேஸ் ஷீட் எழுதுவார், எக்ஸ்ரேயைத் தேடி அலைவார். தியேட்டருக்குள் வந்தால் ரிட்ராக்டர் பிடிப்பார். ரிட்ராக்டர் என்றால் வெட்டிய இடத்தை அகலமாகப் பிடித்து வைக்கிற கொக்கி. மூன்று மணி நேரம் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாமல், மூக்கு அரித்தாலும் சொறிய முடியாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் திட்டு விழும். இதைச் சலிக்காமல் செய்து, திட்டு வாங்கிக்கொண்டே "சார், அது எந்த நரம்பு" என்று கேட்டவர்கள்தான் பிற்பாடு நல்ல சர்ஜன் ஆனார்கள், என் கண் முன்னாலேயே. நான் பார்த்தவரையில் வகுப்பில் முதலில் வந்தவர்கள் எல்லாம் அப்படி நிற்கவில்லை.

நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் மூளையையும் இதயத்தையுமே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம்ம ஊருக்கென்று ஒரு சர்ஜரி இருக்கிறது, அது கை. சோமனூர், பல்லடம் தறிகள், கோவைப் பட்டறைகளின் பிரஸ்ஸும் லேத்தும், மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷின், தோட்டத்தில் சோளத்தட்டு நறுக்குகிற மெஷின், இவற்றில் விரலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்காத தியேட்டர் இந்தப் பக்கம் இல்லை. துண்டான விரலை ஒட்டுகிற ஆபரேஷனைப் பிள்ளைகள் ஒரு தரம் பார்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்துக்கொண்டு, முதலில் எலும்பு, அப்புறம் தசைநார், அப்புறம் ரத்தக்குழாய், நரம்பு. ரத்தக்குழாயைத் தைக்கிற நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும், கீழே விழுந்தால் எங்களுக்கே கண்ணில் படாது. ஒரு விரலுக்கே மணிக்கணக்கில் ஆகும். ரத்தக்குழாயை அடைத்துப் பிடித்திருக்கிற கிளாம்ப்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த விரல் நுனியில் சிவப்பு ஏறும், அப்போது தியேட்டரில் யாரும் கை தட்ட மாட்டார்கள், எல்லாரும் மூச்சை விடுவார்கள், அவ்வளவுதான். கோவை கங்கா ஆஸ்பத்திரியில் கை சர்ஜரி கற்றுக்கொள்ள வெளிநாட்டு டாக்டர்கள் வந்து தங்குகிறார்கள். கொரியா சீரியலில் பார்க்கிற பிள்ளைக்கு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருப்பது தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், கடிதத்தை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். நிறையப் பேர் ஐஸ் டப்பாவில் போட்டு எடுத்துவந்து, அது உறைந்து, ஒட்ட முடியாமல் போனது உண்டு. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலை அதில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். விரலுக்குக் கொஞ்சம் நேரம் உண்டு, முழங்கையோடு போனால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும்.

சீரியல் சரியாகக் காட்டாத இன்னொரு இடம் தியேட்டர் கதவுக்கு வெளியே. சீரியலில் டாக்டர் தொப்பியைக் கழற்றுவார், "சாரி" என்பார், அழுகைப் பாட்டு வரும், அடுத்த காட்சி. நம்மூரில் ஒரு வேன் நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம் வந்து நிற்கும். பெண்டாட்டிக்கு ஒன்றும் புரியாது, மச்சான் கோபத்தில் இருப்பான், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் வந்து "ஏனுங் டாக்டர், பொளச்சுக்குவானுங்களா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்பார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நல்ல சர்ஜன் அந்தக் கூட்டத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று கண்டுபிடிப்பார், உட்காரவைப்பார், என்ன செய்தோம், என்ன முடியவில்லை என்று படம் போட்டுக் காட்டுவார், திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல்வார். ஆபரேஷன் வேண்டாம், செய்தால் இன்னும் கஷ்டம், வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குக் கத்தி பிடிப்பதைவிட அதிக தைரியம் வேண்டும். ரத்தத்தைப் பார்த்து மயங்காத பிள்ளை எல்லாம் இதைப் பார்த்து நிற்குமா என்பது வேறு கேள்வி.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொட்டப்புள்ளைக்கு சர்ஜரி எதுக்குங்க, கைனக் எடு, இல்லாட்டி ஸ்கின் எடு" என்று வீட்டில் சொல்லுவது இன்னும் குறையவில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மெட்ராஸில் டாக்டர் பட்டம் வாங்கியே நூறு வருஷம் தாண்டிவிட்டது. நான் வேலை பார்த்த தியேட்டரில் உயரம் குறைந்த பெண் டாக்டர்கள் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஆபரேஷன் செய்வார்கள். ஸ்டூலை வைத்துக்கொடுத்தால் முடிந்தது, வேறு எந்தத் தடையும் எனக்குத் தெரிந்து அந்த அறைக்குள் இல்லை. தடையெல்லாம் வீட்டில்தான்.

பெற்றோர்களுக்கு நான் சொல்லுவது ஒன்றே ஒன்று. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த சீரியலில் உனக்கு எந்தக் காட்சி பிடிக்கும், எதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாய் என்று கேளுங்கள். என் அண்ணன் பேத்தியை அப்படித்தான் கேட்டேன். அவளுக்குக் கை வேலைதான் பிடிக்கிறது, தையல் போடுகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். சரி, அவள் சர்ஜரிக்கு முயற்சி செய்யட்டும். அவள் சிநேகிதி ஒருத்தி, அவளும் சர்ஜன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பிடித்ததோ என்ன வியாதி என்று துப்பறிகிற இடம். அது கத்தி எடுக்காமல் மருந்தால் வைத்தியம் பார்க்கிற பிசிஷியன் வேலை. இதயத்தை நிறுத்திவிட்டு மெஷினில் ரத்தத்தை ஓட்டுகிறார்களே, அந்த மெஷினையே ஒரு பையன் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு பெர்ஃப்யூஷன் டெக்னாலஜி என்று தனிப் படிப்பு இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்க மருந்து டெக்னாலஜி இருக்கிறது, பிசிஷியன் அசிஸ்டென்ட் இருக்கிறது, பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. இதெல்லாம் நம் மாநிலத்தில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்கிற படிப்புகள். நீட்டில் மூன்று தரம் உட்கார்ந்து, இருபத்தொரு வயதில் தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற பையன்களை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசுவதில்லை. தியேட்டருக்குள் போக ஒரே கதவுதான் என்று நாம் சொல்லிக்கொடுத்ததன் பலன் அது.

அதற்காக, மார்க் குறைந்தவர்கள்தான் நர்ஸாகவும் டெக்னீஷியனாகவும் ஆகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். நம் பக்கம் மருத்துவக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது, சேலம், பெருந்துறை, கரூர் இருக்கின்றன, 2022 ஜனவரியில் நாமக்கல்லும் திருப்பூரும் ஊட்டியும் சேர்ந்தன. மாணவர்கள் பழக இப்போதெல்லாம் கல்லூரிகளில் ஸ்கில் லேப் வைத்திருக்கிறார்கள், பொம்மை உடம்பு, தையல் பழகுகிற ரப்பர் தோல், மூச்சுக்குழாய் போடப் பழகுகிற தலை எல்லாம் இருக்கும். சின்ன ஓட்டை வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனைப் பழகுகிற பெட்டி ஒன்றும் சில இடங்களில் உண்டு. உள்ளே கேமரா, வெளியே டிவி, நீளக் குச்சியை வைத்துக்கொண்டு பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். கையை வலது பக்கம் கொண்டுபோனால் குச்சி நுனி இடது பக்கம் போகும். வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள்கூட அதில் அஞ்சு நிமிஷத்தில் வியர்த்துவிடுவார்கள். நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் இவ்வளவையும் காட்டலாம்.

பத்தாவது ரிசல்ட் வந்து, எந்த குரூப் எடுப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிற அந்த மே மாசத்தில், ஒரே ஒரு சனிக்கிழமை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இந்த லேபைத் திறந்துவிடச் சொல்லி உங்கள் பேப்பர் மூலமாகக் கல்லூரி டீன்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோட் சூட் போட்டு மேடையில் பேச்சு வேண்டாம். ஒரு பி.ஜி. மாணவரை, அதுவும் நைட் டூட்டி முடித்துவிட்டு வந்தவரை, உட்காரவைத்து பிள்ளைகள் கேட்கிறதையெல்லாம் கேட்கவிடுங்கள். ஒரு மயக்க டாக்டர், ஒரு தியேட்டர் டெக்னீஷியன், ஒரு நர்ஸ் கட்டாயம் இருக்கட்டும். எண்ணுகிற போர்டைக் காட்டுங்கள். பன்றிக்கால் கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் வாழைப்பழத் தோலில் தையல் போடவிடுங்கள். நானும் வருகிறேன், என்னைப் போல ரிட்டயர் ஆனவர்கள் ஈரோட்டிலும் கோவையிலும் நிறையப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், டீச்செலவு மட்டும் போதும். நீங்களும் உங்கள் பேப்பரில் வாரம் ஒரு அரைப்பக்கம் தியேட்டருக்குள் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி எழுதலாம், சாமான் கழுவி, நீராவியில் கிருமி போக்குகிற ஆட்டோகிளேவ் வேலை செய்கிறவரிலிருந்து ஆரம்பித்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அழைத்து வருகிற ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பிள்ளைகளைக் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், நின்றபடி விழுந்தால்தான் மண்டை உடையும். முதல் நாள் தியேட்டரில் அப்படி உட்கார்ந்தவர்களில் ரெண்டு மூன்று பேர் இன்றைக்கு இந்த மாவட்டத்தில் நல்ல சர்ஜன்கள், பெயரைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.